முதல் கேமராவிலிருந்து அச்சுப் படம் வரை: பினாங்கில் விழாப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

வீட்டுக்கு ஒரு கேமரா வந்துவிட்டால் போதும், சொந்தபந்தத்தில் நடக்கும் எல்லா விழாவுக்கும் நீங்கள்தான் படக்காரர். காதுகுத்து, நிச்சயதார்த்தம், அறுபதாம் கல்யாணம் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கேமராவோடு வரும் கையேடு எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லும். கோயில் மண்டபத்தில் எடுத்த படத்தில் ஏன் பட்டை பட்டையாக விழுகிறது, கடையில் அச்சிட்டு வாங்கியபோது ஏன் ஓரத்தில் நின்ற மாமாவைக் காணவில்லை என்பதையெல்லாம் சொல்லாது. இவை ஒவ்வொன்றையும் அங்கே இங்கே கேட்டு, தேடி, அலைந்துதான் நான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஜார்ஜ்டவுனை மனத்தில் வைத்து எழுதினாலும் கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1. வாங்கும்போதே காகிதங்களைப் பாருங்கள்

ஒரே கேமரா இரண்டு விலையில் கிடைக்கும். ஒன்று, நிறுவனத்தின் மலேசியக் கிளை உத்தரவாதம் தருவது. மற்றொன்று, கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து தருவித்த இம்போர்ட் செட். இரண்டாவதில் சில நூறு ரிங்கிட் மிச்சமாகும். ஆனால் பழுதானால் நிறுவனத்தின் சேவை மையம் கைவைக்காது, அந்தக் கடைதான் கதி. முதல் கேமரா என்றால் உள்ளூர் உத்தரவாதம் உள்ளதையே வாங்குங்கள் என்பேன்.

ரசீதில் மாடலின் பெயரும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்க வேண்டும். ரசீது பெரும்பாலும் வெப்பத்தாளில் வரும், ஓராண்டுக்குள் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். கடையோடு தகராறு முற்றினால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீது இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் கேமராவையும் லென்சையும் மட்டும் போடாதீர்கள். இரண்டு மெமரி கார்டு, ஒரு கார்டு ரீடர், இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க், ஈரம் புகாத ஒரு பெட்டி. இவற்றுக்குத் தோராயமாக 700 முதல் 1,000 ரிங்கிட் வரை தனியாக எடுத்து வையுங்கள். இதற்குப் பணம் போதாது என்றால் லென்சில் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கில் குறைக்காதீர்கள்.

2. கார்டைச் சோதித்த பிறகே நம்புங்கள்

128 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி இரண்டு நல்லது. ஒன்று கெட்டாலும் பாதி விழா மிஞ்சும். கார்டின் மேல் வி30 என்று போட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். படத்துக்கும் சாதாரண 4கே வீடியோவுக்கும் அது போதும்.

இணையச் சந்தைகளில் அடிமாட்டு விலைக்கு வரும் கார்டுகள் பல போலி. கணினியில் செருகினால் 256 ஜிபி என்று காட்டும். உள்ளே இருப்பது 16 ஜிபியாக இருக்கும். அந்த 16 நிறையும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதன் பிறகு எடுத்த படம் ஒன்றும் திறக்காது. விண்டோஸ் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3 என்ற இலவச நிரலை ஓட்டிப் பாருங்கள். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கலாம். தாலி கட்டும் நேரத்தில் கண்டுபிடிப்பதைவிட வீட்டில் கண்டுபிடிப்பது மேல்.

3. எந்தக் கோப்பு வகை என்று முடிவு செய்யுங்கள்

ஜேபெக் என்பது கேமராவே நிறம் கூட்டி, கூர்மையாக்கி, சுருக்கி முடித்துத் தரும் படம். எடுத்தவுடன் அனுப்பலாம், எங்கும் திறக்கும். ரா என்பது சென்சார் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லு) கண்டதை அப்படியே எழுதிவைத்த கோப்பு. கணினியில் பக்குவப்படுத்திய பிறகுதான் பிறருக்குக் கொடுக்க முடியும்.

ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒளி அளவில் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. இந்த வித்தியாசத்தை நம் விழாக்களில்தான் நன்றாகப் பார்க்கலாம். அரக்குப் பட்டு, குங்குமம், சாமந்தி மாலை எல்லாமே அடர்ந்த சிவப்பும் மஞ்சளும். முகத்துக்கு ஒளி சரியாக இருக்கும்போதே சேலையின் சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டிவிடும். ஜேபெக்கில் அது மடிப்பும் நெசவும் இல்லாத ஒரே சிவப்புத் திட்டாகிப் போகும், பிறகு மீட்க வழியில்லை. ராவில் பெரும்பாலும் இறக்கிவிடலாம்.

என் பரிந்துரை: முதல் ஓராண்டுக்கு ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து எழுதும்படி வையுங்கள். அன்றைக்கே அனுப்ப ஜேபெக், பொறுமையாகத் திருத்த ரா. 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஒன்று 25 முதல் 30 எம்பி, ஜேபெக் 8 முதல் 12 எம்பி வரை வரும். ஆகவே 64 ஜிபி கார்டில் சுமார் 1,500 படம். ராவைச் சுருக்கும் முறை கேட்டால் தரம் குறையாத சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கேமராவில் லாஸ்லெஸ் என்று இருக்கும்.

ஒரு பொறி: ரா கோப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேனனில் சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ, ஃபூஜிஃபில்மில் ஆர்ஏஎஃப். புதிய கேமராவின் ராவைப் பழைய மென்பொருள் திறக்காது. கார்டு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். மென்பொருளைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் அடோபியின் இலவச மாற்றி வழியாக டிஎன்ஜி என்ற பொதுவான ரா வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐஃபோனில் எடுத்த படங்களையும் சேர்க்கிறீர்களா? அது ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கும்; சில அச்சுக்கடைக் கணினிகளில் திறக்காது. அமைப்புகளில் கேமராவுக்குள் போய், ஃபார்மட்ஸ் என்பதில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றினால் ஜேபெக்காகவே வரும்.

4. விழாவுக்கு முந்திய இரவு

கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். இது அற்பமாகத் தெரியும். ஆனால் இரண்டு பேர் இரண்டு கேமராவில் எடுத்து, நேரம் பத்து நிமிடம் தள்ளியிருந்தால், வரிசைப்படுத்தும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வருவார். எல்லாக் கேமராவையும் ஒரே கைப்பேசியைப் பார்த்து வையுங்கள். தமிழ்நாட்டுக் கல்யாணத்துக்குப் போனால் இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள், திரும்பி வந்ததும் மாற்றுங்கள்.

கேமரா மெனுவில் நிற வெளி (கலர் ஸ்பேஸ்) என்ற இடத்தில் எஸ்ஆர்ஜிபி இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி உயர்ந்தது என்று யாராவது சொல்வார்கள். அதை முறையாகக் கையாளத் தெரியாத கைப்பேசியிலும் கடையிலும் அந்தப் படம் வெளிறித்தான் தெரியும்.

கோப்பு எண்ணைத் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். கார்டு மாற்றும்போதெல்லாம் 0001இலிருந்து தொடங்கினால் ஒரே பெயரில் இரண்டு படம் உண்டாகி, நகலெடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று விழும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து காலியாக்குங்கள், அதில் இருந்ததற்கு இரண்டு நகல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு.

5. மண்டபத்துக்குள்

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் குழல்விளக்கும் பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, ஒளியை உள்ளே விடும் ஷட்டருக்குத் தெரியும். அது திறந்திருக்கும் நேரத்தை 1/500 நொடி வைத்தால் பாதிப் படம் இருண்டும் பட்டை விழுந்தும் வரும். 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். உங்கள் கேமராவில் ஃப்ளிக்கரை, அதாவது இந்தத் துடிப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அமெரிக்கக் காணொளிகளில் 1/60, 1/120 என்பார்கள். அவர்களுடைய மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மேடையின் பின்னால் வைக்கும் எல்இடி திரை வேறு வேகத்தில் துடிக்கும். அதற்குச் சடங்கு தொடங்குமுன் இரண்டு மூன்று வேகத்தில் எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

தொடங்க ஓர் அமைப்பு: எம் (மேனுவல்) முறை, ஷட்டர் 1/100, அபெர்ச்சர் (லென்சின் திறப்பு) எஃப்2.8 அல்லது உங்கள் லென்ஸ் திறக்கும் மட்டும், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஆட்டோ, உச்சம் 6400. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று அஞ்சி ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். புள்ளியை மென்பொருளில் குறைக்கலாம், ஆட்டம் கண்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் மட்டும் 1/250க்கு ஏற்றுங்கள், பட்டை விழுந்தாலும் பரவாயில்லை.

ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு, குழப்பம் தரும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: குத்துவிளக்குச் சுடர் 2,000 கெல்வினை ஒட்டி இருக்கும், மஞ்சள். தலைக்கு மேல் உள்ள குழல்விளக்கு 6,500, நீலம். இரண்டையும் ஒரே படத்தில் வெள்ளையாக்க முடியாது. முகத்தின் மேல் எந்த ஒளி விழுகிறதோ அதற்குச் சரிசெய்யுங்கள். சுடர் மஞ்சளாகவே இருக்கட்டும், அதுதான் அழகு. ரா எடுத்தால் இதைப் பிறகும் மாற்றலாம்.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கே கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் நின்றால் ஒளி அதிகம் என்று எண்ணி முகங்களை இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷர் ஈட்டில் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) +0.7 வையுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் எதிர்மாறாக முகத்தை வெளுக்க வைக்கும், −0.7 வையுங்கள். நம் முகங்களை எடுக்கும்போது இது ரொம்ப முக்கியம். கறுத்த மேனியைக் கறுப்பாகவே, அதன் பளபளப்போடு பதிவுசெய்யுங்கள். வெளுப்பாக்கும் வடிகட்டி எதையும் தொடாதீர்கள். பாட்டியின் உண்மையான நிறம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

கருவறையைப் படமெடுக்கக் கூடாது. மண்டபத்தில் எங்கே நிற்கலாம், ஃப்ளாஷ் போடலாமா என்று கோயில் அலுவலகத்தில் முந்தைய வாரமே கேட்டுவிடுங்கள். சடங்கின் நடுவே குருக்களோடு வாதாட வேண்டிவராது.

6. வெளியில்: ரதம், தேங்காய், ஈரம்

தைப்பூசத்துக்கு முந்திய நாள் லிட்டில் இந்தியாவிலிருந்து ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும்போது வழிநெடுகக் குவித்துவைத்த தேங்காய்களை உடைப்பார்கள். இளநீர் பத்தடிக்குத் தெறிக்கும், காய்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டும். லென்ஸ் முன் ஒரு யுவி கண்ணாடியும் ஹூடும் (லென்சைச் சுற்றி மாட்டும் மறைப்பு) மாட்டிக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் சற்றே நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றுங்கள். கூட்டத்தில் லென்சைக் கழற்றி மாற்றவே கூடாது. மலைக்கோயிலுக்கு 513 படி ஏற வேண்டும், ஒரு லென்ஸ் போதும். காவடி ஆடுபவருக்கு வெளிச்சத்தில் 1/500 தேவை. அலகு குத்தும் நேரத்தில் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். அது அவருடைய வேண்டுதல் நேரம்.

குளிர்சாதனக் காரிலிருந்து வெயிலில் இறங்கியதும் லென்ஸ் பனித்துவிடும். துடைத்தால் மறுபடி பனிக்கும். இறங்குமுன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பையோடு அரைமணி நேரம் வெளியே வைத்தால் கேமரா வெளிச்சூட்டுக்கு வந்துவிடும், பிறகு பையைத் திறக்கலாம்.

வீட்டில் அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும், அதைச் சுத்தம் செய்யும் கூலி சில சமயம் லென்சின் விலையைத் தொடும். ரப்பர் விளிம்புள்ள பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரமானி மூன்றும் போதும். 40 முதல் 50 விழுக்காடு இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள்.

7. அன்றிரவே நகலெடுங்கள்

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் படுக்குமுன் இதை முடித்துவிடுங்கள். கார்டிலிருந்து முதல் டிஸ்க்குக்கு, அங்கிருந்து இரண்டாவதுக்கு. யுஎஸ்பி 3 ரீடர் என்றால் 60 ஜிபிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், பழைய ரீடர் என்றால் அரைமணிக்கு மேல். வெட்டி ஒட்டாதீர்கள், நகலெடுங்கள். பிறகு இரண்டு டிஸ்க்கிலும் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நடுவிலிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள். அதுவரை கார்டைத் தொடாதீர்கள்.

கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை: 20260201, அதை அடுத்து விழாவின் பெயரும் இடமும். இப்படி வைத்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்த பெயரைச் சில பழைய ஜிப் நிரல்களும் கடைக் கணினிகளும் கட்டம் கட்டமாக ஆக்கிவிடும். தமிழை விளக்கக் குறிப்பில் தாராளமாக எழுதலாம். அந்த வேலைக்கு டிஜிகாம் என்ற இலவச நிரல் நன்றாக இருக்கிறது.

மொத்தம் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இரண்டாவது டிஸ்க்கை பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா வீட்டிலோ அலுவலக மேசையிலோ வையுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தை இந்தத் தீவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கும் மூன்று நகலும் ஒரே இரவில் போகும். இடி மின்னலுக்கும் இது பொருந்தும், நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மேகச் சேமிப்பு மூன்றாவது நகலுக்கு நல்லது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான், அதில் மின்னஞ்சலும் அடக்கம். ஒரு விழாவுக்கே போதாது. திருத்தி முடித்த ஜேபெக்கை மட்டும் ஏற்றுங்கள். ராவையும் ஏற்ற நினைத்தால், 40 ஜிபிக்கு 20 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில் நாலரை மணி நேரம் ஆகும்.

8. கழியுங்கள், பிறகு திருத்துங்கள்

முதலில் கழித்தல். கண் மூடியவை, ஆடியவை, ஒன்றுபோல் உள்ளவை போகட்டும். அழிக்க வேண்டாம், தேறியவற்றுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். 1,500இல் 200 தேறினால் அது நல்ல விழா.

டார்க்டேபிள், ரா தெராபி இரண்டும் இலவசம், இரண்டும் போதுமானவை. லைட்ரூம் கற்க எளிது, ஆனால் அது சந்தா. வரிசை இதுதான்: ஒயிட் பேலன்ஸ், ஒளி, வெளுத்த இடங்களை இறக்குதல், நிழலைச் சற்று ஏற்றுதல், நேராக்கி வெட்டுதல், புள்ளி குறைத்தல், கடைசியில் கூர்மை. ஒரு படத்தை ஒழுங்காகச் செய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றவற்றுக்கு அந்த அமைப்பை ஒட்டிவிடுங்கள்.

திருத்தங்கள் ராவுக்குள் எழுதப்படுவதில்லை. டார்க்டேபிளில் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பிலும், ரா தெராபியில் பிபி3 என்ற சிறு கோப்பிலும் இருக்கும். கோப்புறையை மாற்றும்போது அதை விட்டுவிட்டால் உழைப்பு அனைத்தும் போய்விடும். ஜேபெக்கையே திறந்து, திருத்தி, மறுபடி மறுபடி அதே பெயரில் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

9. அச்சும் அனுப்புதலும்

கேமரா படத்தின் விகிதம் 3:2. கடைக்காரர் சொல்லும் 4ஆர் என்பது 4×6 அங்குலம், அப்படியே பொருந்தும். 8ஆர் என்பது 8×10. அதில் இரு ஓரமும் வெட்டுப்படும், குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவர் போய்விடுவார். எஸ்8ஆர் கேளுங்கள், அது 8×12. பெரிதாகப் போடப்போகும் படம் என்றால் எடுக்கும்போதே ஓரத்தில் இடம் விடுங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் நல்ல கணக்கு: 4ஆருக்கு 1200×1800, எஸ்8ஆருக்கு 2400×3600. நீங்கள் திருத்திய படத்தைக் கடை இயந்திரம் மறுபடி தானாகத் திருத்தும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். நூறு படம் கொடுக்குமுன் ஐந்து போட்டுப் பார்த்து, நிறம் சரியென்றால் மீதியைக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கும், எடுத்த தேதியும் போய்விடும். ஆவணம் என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. வீட்டில் ஒருவர் காலமானால், மாலை போட்டு வைக்க 12×18 அங்குலத்தில் படம் வேண்டும், அதுவும் அன்றைக்கே. குடும்பம் கைப்பேசியைத் துழாவி எடுத்துக் கொடுப்பது வாட்ஸ்அப்பில் வந்த சிறு படத்தைத்தான். அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது, முகம் மங்கிப் போகும். ஆகவே ஒவ்வொரு விழாவிலும் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் நல்ல வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுங்கள். முழு அளவுக் கோப்பைக் குடும்பத்தில் இருவரிடம் கொடுத்து வையுங்கள்.

10. காசு வாங்கி எடுக்கத் தொடங்கினால்

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொல்லி நீங்கள் எடுத்துக்கொடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குப் போய்விட்டதாகக் கொள்ளப்படும். எடுத்தவருக்கே சொந்தம் என்று பலர் நினைத்துக்கொண்டு விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். சொந்தக்காரர் வீட்டு விழாவானாலும் ஒரு பக்கத் தாள் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை திருத்திய படம், முன்பணம், மீதியைக் கட்ட வேண்டிய நாள், படம் தரும் நாள், உரிமை யாருக்கு, உங்கள் விளம்பரத்தில் போடலாமா, குழந்தைகளின் படத்தைப் போடலாமா. 200 படத்தைத் திருத்த, பகலில் வேறு வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாரமாவது ஆகும். தாளில் நான்கு வாரம் என்று எழுதுங்கள். ரா கோப்பைக் கேட்பார்கள், தருவீர்களா இல்லையா என்பதை முன்பே முடிவுசெய்து சொல்லுங்கள். படங்களை ஒப்படைத்த பிறகு உங்கள் டிஸ்க்கில் எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.